வயதான மட்டக்குதிரையை வழியனுப்பி வைப்பது எப்படி

கிழடாகிப்போன குதிரையை என்ன செய்வது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: விற்காதீர்கள். தரகர் வருவார். "ஊர்ப்பக்கம் தோப்பு இருக்கும்மா, சும்மா மேய விட்டுப் பாத்துக்குவாங்க" என்பார். கொடுத்துவிடாதீர்கள். கடைசி நாள் வரை தலைக்கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் நைனா ஜட்கா ஓட்டியவர். வீடு கொருக்குப்பேட்டை, பிழைப்பு கொத்தவால்சாவடி. விடியற்காலை மூன்று மணிக்குக் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று ஒவ்வொரு கடையாக இறக்கிவிட்டு வருவார். 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கிருந்து இங்கே ஜட்காவில் பாரம் கொண்டுவர யார் கூப்பிடுவார்கள்? வண்டி மூலையில் சாய்ந்தது. வண்டி இழுத்த எங்கள் குதிரை ராஜாவுக்கு அப்போதே இருபது வயதுக்கு மேல். தரகர் வந்தார், தோப்புக் கதையைச் சொன்னார், நைனா கயிற்றைக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் தான் சாகும்வரை எங்கே குளம்புச் சத்தம் கேட்டாலும் தெருவுக்கு ஓடிவந்து எட்டிப் பார்ப்பார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். ராஜாவுக்குச் சுட்டி இருந்தது. ராஜா எங்கே போனது, எப்படிச் செத்தது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

1998-ல் சிட்டு வந்தாள். செவலை நிறப் பெட்டை. முன்பற்களில் நடுப்பல் இரண்டும் விழுந்து புதுப்பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, அதாவது இரண்டரை வயது. வளர்ந்து முடித்தபோதும் தோள் உயரம் நாலு அடிதான். திருவிழாக்களில் பிள்ளைகளுக்குச் சவாரி, கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம், இரண்டும் இல்லாத நாளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா ஒரு சுற்று. 2024 பிப்ரவரியில் டாக்டரை வைத்து ஊசி போட்டு அவளை அனுப்பிவைத்தோம். அவளுக்கு அப்போது 28 வயது. அந்தக் கடைசி இரண்டு மூன்று வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மெரினாவில் சவாரி விடுகிறவர்களும் சாரட்டு வைத்திருப்பவர்களும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்தாக வேண்டும்.

முதுமை வாயில்தான் தெரிய ஆரம்பிக்கும். குதிரையின் பல் நம் பல் மாதிரி இல்லை. அரைக்க அரைக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும். ஈறுக்குள் இருக்கும் மிச்ச நீளம் வருஷத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே வந்து அந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்டும். இருபத்தைந்து வயதைத் தாண்டும்போது பல பற்களில் உள்ளே மிச்சம் எதுவும் இருக்காது. பல் ஆடும், விழும். தீவனத் தொட்டியைச் சுற்றி உருண்டை உருண்டையாகப் புல் கிடந்தால் அதுதான் அடையாளம். நான் முதலில் பெருச்சாளி வேலை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினேன். ஒரு வாரம் கழித்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நூல்கண்டு அளவு இருந்தது, ஈரமாக. பிழிந்தால் பச்சைச் சாறு வந்தது. மெல்ல முடியாமல், விழுங்கவும் முடியாமல், வெளியே தள்ளியிருக்கிறாள்.

அதிலிருந்து சிட்டுவுக்குக் கூழ்தான். கொள்ளை ராத்திரியே ஊறவைத்துவிட வேண்டும். காலையில் விரலால் நசுக்கினால் மாவாகிற பதத்துக்கு வேகவைத்து, கோதுமைத் தவிடு கலந்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் தளரப் பிசைந்து வையுங்கள். பச்சைப்புல்லைக் கீரை மாதிரிப் பொடியாக நறுக்கிக் கலக்கலாம். ஒரே வேளையாகக் கொட்டாதீர்கள். உடம்பு பெரிதாக இருந்தாலும் குதிரைக்கு இரைப்பை சின்னது, வாந்தியும் எடுக்க முடியாது. உள்ளே போனது கோளாறு செய்தால் வயிற்றுவலியாகத்தான் திரும்பும். நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மெலிந்துவிட்டதே என்று தானியத்தை அள்ளிக் கொட்டினால் குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போகும். வெல்லம் சுண்டைக்காய் அளவு போதும்.

மெலிகிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரியாது. நான் தையல்காரி, டேப் என் கழுத்திலேயே தொங்கும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு எடுங்கள். தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரைக்கும் ஒரு நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை கிலோ என்று வந்துவிடும். 2023 ஆயுதபூஜை சமயத்தில் சிட்டுவின் சுற்றளவு 135, நீளம் 130, எடை 199 கிலோ. அடுத்த ஜனவரியில் சுற்றளவு 128. கணக்குப் போட்டால் 179. மூன்று மாதத்தில் இருபது கிலோ. ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டில் அதை எழுதிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த எடை டாக்டருக்கும் வேண்டும். எந்த மருந்தாக இருந்தாலும் எடையை வைத்துத்தான் அளவு சொல்வார்.

அடுத்தது தூக்கம். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்து தூங்க வேண்டுமானால் கொஞ்ச நேரமாவது அது படுத்தாக வேண்டும். மூட்டு வலிக்கிற கிழட்டுக் குதிரை, படுத்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயத்தில் படுக்கவே படுக்காது. தூக்கம் மிஞ்சிப்போய் நின்றபடியே கண் சொருகி, முன்னங்கால் மடிந்து, சடாரென்று முட்டி குத்தும். நம் எதிரே அப்படி விழாது, ராத்திரியில்தான் விழும். அதனால் காலையில் முன்னங்காலைப் பாருங்கள். குளம்புக்கு மேலே இருக்கும் கணுவின் முன்பக்கம், சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையின் முட்டி மாதிரித் தோல் உரிந்து காய்ந்து கிடக்கும். ஒரு பக்க விலாவில் மண்ணோ வைக்கோலோ ஒட்டியிருந்தால் படுத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் துடைத்த மாதிரிச் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

சிட்டு படுக்காமல் போனது மிக்ஜாம் புயலுக்கு அப்புறம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் விடாமல் பெய்ததே, அதில் லாயத்துக்குள் முழங்கால் தண்ணீர். செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, அவளை அதன்மேல் ஏற்றி நிறுத்தினோம். இரண்டு நாள், நின்ற இடத்திலேயே. தண்ணீர் வடிந்த பிறகு குளம்பெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. லாடம் கட்டும் பாய் வந்து சீவிக் கொடுத்தார், குளம்பு தேறியது. இடுப்பு தேறவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு கணுவிலும் காயம் பார்த்தேன்.

நாள் குறிப்பதற்கு எனக்கு உதவியது தினசரி காலண்டர். தேதி கிழிக்கிறோம் இல்லையா, அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் பின்பக்கம் ஒரே ஒரு எழுத்து எழுதுவேன். நல்ல நாள் என்றால் 'ந', வலியில் கழிந்த நாள் என்றால் 'வ'. எதை வைத்து எழுதுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மனசு 'ந'-வையே எழுதச் சொல்லும். நான் நாலு வைத்திருந்தேன்: கூழைக் காலி செய்தாளா, படுத்து எழுந்தாளா, தெருமுனை வரை நடந்தாளா, நாலு மணிக்குக் கனைத்தாளா. இந்தக் கடைசியை உங்கள் குதிரைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். சிட்டுவுக்கு அது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டதும் இருபத்தைந்து வருஷமாகக் கனைத்தவள். நாலில் மூன்றாவது தேறாவிட்டால் 'வ'. ஜனவரி முதல் வாரத்தில் மூன்று 'வ' இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஏழில் ஆறு. அந்தத் தாள்களைப் பாயில் பரப்பி தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பங்குனி வரைக்கும் பாக்கலாம்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

குதிரை அழாது, பெரும்பாலும் முனகவும் செய்யாது. மாடு கத்தும், நாய் ஊளையிடும். குதிரை வலியை மறைக்கும், அதன் பிறவிக் குணம் அப்படி. அதனால் "அதுவே சொல்லும்" என்று காத்திருக்க வேண்டாம். எழுதி வைத்துப் பாருங்கள்.

காலண்டருக்காகவெல்லாம் காத்திருக்கக் கூடாத சமயமும் வரும். வயிற்றுவலியில் தரையைக் காலால் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, உருண்டு புரண்டால் அன்றைக்கே டாக்டர் வேண்டும். கால் எலும்பு முறிந்தாலும் அப்படித்தான். விழுந்து மணிக்கணக்கில் எழாமல் கிடந்தாலும் அப்படித்தான், தன் எடையே கீழ்ப்பக்கத் தசைக்கு ரத்தம் போகாமல் அழுத்திவிடும். தாடை எலும்புக்குக் கீழே விரலை வைத்தால் நாடி கிடைக்கும். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும், மட்டக்குதிரைக்கு ஒன்றிரண்டு கூடலாம். அது 60-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் கடுமையான வலி. நல்லபடியாக இருக்கும்போதே எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். அவசரத்தில் கை நடுங்கும், நாடி கிடைக்காது. தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. வடசென்னைக்காரர்களுக்குப் பெரிய மிருகங்களைப் பார்க்கும் இடம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, 1903-லிருந்து இருக்கிற கல்லூரி. எங்கே போனாலும் குதிரை பார்த்துப் பழக்கமுள்ள டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். ஓர் இடத்தில் என்னிடம், "இந்த வயசுக்கு மேல என்னத்தைப் பாக்குறது" என்று சிட்டுவைத் தொடாமலேயே திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்துவிட்டேனே தவிர, இன்னொரு டாக்டரைத் தேடி மறுபடியும் கிளம்பினேன். நீங்களும் கிளம்புங்கள். கருணைக்கொலைக்கு முன்னால் வலிநிவாரணி, குளம்பு வைத்தியம், தீவனம் என்று செய்யக்கூடியது எல்லாம் செய்தாகிவிட்டதா என்பதை ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட வேண்டும். அது பின்னால் ராத்திரியில் தூங்க உதவும்.

டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படக் கூடாத ஒரு கேள்வி உண்டு. "முழு மயக்கம் வந்த அப்புறம்தானே டாக்டர் கடைசி மருந்து?" சில மருந்துகள் மயக்கமும் தந்து மூச்சையும் நிறுத்தும். வேறு சில, இதயத்தை மட்டும் நிறுத்தும் உப்பு மருந்துகள். அவற்றை ஆழ்ந்த மயக்கம் இல்லாமல் ஏற்றுவது பெரிய கொடுமை. எங்களுக்கு வந்த டாக்டர் அம்மா இந்தக் கேள்விக்குக் கோபப்படவில்லை. "நல்லா கேட்டீங்க" என்று சொல்லி ஒவ்வொரு ஊசியாக விளக்கினார். கோபப்படுகிற டாக்டர் வேண்டாம்.

அடுத்து இடம். இதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். பிறகு வெயிலில் உடம்பை வைத்துக்கொண்டு போன் மேல் போன் போடுவார்கள். சென்னை வெயிலில் சில மணி நேரத்தில் வயிறு உப்பிவிடும். கால்கள் விறைத்துவிடும். எங்கள் பக்கம் நாலடி தோண்டினாலே தண்ணீர் ஊறும், வடசென்னையில் புதைக்க நினைப்பது சரிப்படாது. எங்களுக்குப் பெரியபாளையம் போகும் வழியில் அத்தை மகனுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். ஏழடி ஆழம் ஜேசிபி வைத்து எடுத்தோம். மூடும்போது உடம்புக்கு மேல் குறைந்தது மூன்றடி மண் வேண்டும். இந்த ஆழத்துக்குக் காரணம் உண்டு. ஊசி மருந்து உடம்பிலேயே தங்கும். நாய் தோண்டித் தின்றால் நாய் சாகும், பருந்தும் காக்கையும் கொத்தினால் அவையும் சாகும். நிலம் இல்லாதவர்கள் மாநகராட்சியின் 1913-க்கு முன்கூட்டியே பேசி என்ன வழி என்று கேளுங்கள். ஊசி போட்ட உடம்பு என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாமல் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வருவது வேண்டவே வேண்டாம். இன்னொன்று: எந்த நோயும் தெரியாமல் குதிரை திடீரென்று செத்து மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்தால், அதைத் தொடாதீர்கள், அறுக்க விடாதீர்கள். அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், மனிதர்களுக்கும் ஒட்டும். முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

டாக்டர், ஜேசிபி, வண்டி, கூட நிற்கும் நாலு ஆள் எல்லோருக்கும் பணத்தை முதல் நாளே பேசிக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு அந்த இடத்தில் நின்று பேரம் பேச வாய் வராது.

பிப்ரவரி 8, வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. மறுநாள் தை அமாவாசை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "அமாவாச கழியட்டும்டி" என்றார். நல்ல நேரம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலில் வெயிலைப் பாருங்கள், டாக்டருக்கு எந்தக் காலை தோதுப்படும் என்று பாருங்கள். எட்டு மணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

தெருப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முன்னதாகவே சொன்னேன். ஊருக்கு அனுப்புகிறோம், தூங்க வைக்கப்போகிறோம் என்றெல்லாம் சொல்லாதீர்கள். ஊருக்கு என்றால் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தூக்கம் என்றால் ராத்திரி படுக்கப் பயப்படுவார்கள். "சிட்டுவுக்கு ரொம்ப வலிக்குது, சரி பண்ண முடியாது, டாக்டர் ஊசி போடுவாங்க, செத்துப்போயிடும், வலி இருக்காது" என்று சொன்னேன். ஒரு பையன், "எனக்குத் தெரிஞ்சா ஒண்ணும் பிரச்சனை இல்ல ஆன்ட்டி, அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து நசுக்கி ஊட்டினார்கள். நாலு மணிக்கு அவள் கனைத்தாள்.

நடக்க முடிகிற குதிரையாக இருந்தால் முதல் நாள் மாலையே நிலத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். இருநூறு கிலோ உடம்பைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிற காட்சியை வீட்டார் பார்க்க வேண்டியிருக்காது. நடக்க முடியாததை ஏற்றி வதைக்காதீர்கள், அது இருக்கும் இடத்திலேயே முடியட்டும். நாங்கள் குட்டி யானை வண்டியில் தரை முழுக்க மணல் மூட்டையும் வைக்கோலும் பரப்பி, அவளோடு லாயத்தில் கூடவே வளர்ந்த வெள்ளாட்டையும் ஏற்றிக்கொண்டு, மாதவரம் தாண்டி மெதுவாகப் போனோம். ஆடு பக்கத்தில் இருந்ததால் வழியெல்லாம் அமைதியாக நின்றாள்.

அன்று ராத்திரி நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். வேப்பமரத்தடியில் உழுது போட்ட மண். கட்டாமல் விட்டோம். மெல்ல முடியாது என்று தெரிந்தும் புல்லை முகர்ந்து முகர்ந்து நடந்தாள். பத்து மணி இருக்கும். முன்னங்காலை மடக்கினாள், தயங்கினாள், மறுபடி மடக்கினாள். அப்படியே உடம்பை மண்ணில் சாய்த்துப் படுத்துவிட்டாள். ஐம்பது நாளைக்கு மேல் படுக்காதவள். கழுத்தை நீட்டி, உதடு தொங்க, குறட்டை மாதிரி மூச்சு. ஆடு அவள் வயிற்றில் ஒட்டிப் படுத்தது. தம்பி என் தோளைத் தொட்டான். "அக்கா, படுத்துட்டா பாரு. வேணாம்னு சொல்லிடலாமா?" எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் கைப்பையில் இருந்த காலண்டர் தாள்களை டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு தரம் எண்ணினேன். எண்ணிவிட்டுப் போனை உள்ளே வைத்தேன்.

காலை ஐந்தரைக்கு அவளால் எழ முடியவில்லை. முன்பக்கம் தூக்குகிறாள், பின்பக்கம் வரவில்லை. நாலு ஆள் இடுப்புக்குக் கீழே சாக்கைக் கொடுத்துத் தூக்க, அரை மணி நேரம் ஆயிற்று. எழுந்து நின்றபோது உடம்பெல்லாம் வேர்வை, மூக்கு விரிந்து விரிந்து மூடியது. கடைசி நாளில் குதிரை நன்றாக இருப்பது போலத் தெரியும். வெளிக்காற்று, புது இடம், எல்லோரும் சுற்றி நிற்பது. அந்த ஒரு ராத்திரியை வைத்து முடிவை மாற்றாதீர்கள். அவளுக்கு அந்தத் தூக்கம் கிடைத்ததே என்று நான் இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன்.

டாக்டர் வருவதற்குள் லாடத்தைக் கழற்றிவிடுங்கள். எங்களுக்கு அதை முன்தினமே பாய் செய்துகொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். சலங்கை, நைலான் கயிறு, சேணம் எதுவும் மண்ணுக்குள் போக வேண்டாம், மக்காது. வாலில் ஒரு பிடி மயிர் வேண்டுமானால் உயிரோடு இருக்கும்போதே கத்தரித்துக்கொள்ளுங்கள். வாய் நிறைய ஏதாவது கொடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. நான் குழைந்த கொள்ளில் வெல்லத்தைத் தாராளமாகப் போட்டுக் கொடுத்தேன்.

தலைக்கயிற்றை ஒரே ஒருவர்தான் பிடிக்க வேண்டும். நேர் முன்னால் நிற்கக் கூடாது. தோளுக்குப் பக்கவாட்டில், கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டு நில்லுங்கள். குதிரை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. நான்தான் பிடித்தேன். முதல் ஊசி கழுத்து நரம்பில், அமைதிப்படுத்துவதற்கு. இரண்டு மூன்று நிமிஷத்தில் தலை தாழ்ந்து என் இடுப்பருகே வந்தது, கண்ணிமை பாதி மூடியது. நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன். டாக்டர் அம்மா, "இப்ப தள்ளி நில்லுங்க" என்றார். இரண்டாவது ஊசி. நின்றவள் பெருமூச்சு விட்டாள், பின்பக்கம் மடிந்து, பக்கவாட்டில் விழுந்தாள். விழுகிற சத்தம் பெரிதாக இருக்கும். அதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள், என்னிடம் அதை யாரும் முன்னால் சொல்லவில்லை. அந்தச் சத்தம் கேட்கும்போது அதற்கு நினைவு இருக்காது. பிறகு ஒன்றிரண்டு தரம் வாய் திறந்து மூச்சு இழுப்பது போல வரும். தோல் துடிக்கும், சிறுநீர் போகும். கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். உயிர் இருக்கிறதோ என்று பதற வேண்டாம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துச் சில நிமிஷம் கேட்பார், கண்ணின் மேல் விரலால் தொட்டுப் பார்ப்பார். இமை அசையாது. அவர் "முடிஞ்சிடுச்சு" என்று வாயால் சொன்ன பிறகுதான் கயிற்றைக் கீழே போடுங்கள்.

கால்கள் விறைப்பதற்குள் மடக்கி வைக்க வேண்டும். மஞ்சள் பூசி, நைனாவின் பழைய பருத்தி வேட்டியைப் போர்த்தினோம். ஜேசிபியால் இறக்குகிற நேரத்தில் நான் அங்கே நிற்கவில்லை. தம்பி நின்றான். குடும்பத்தில் ஒருவர் நின்றால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு, மறந்துவிடாதீர்கள். கூட வாழ்ந்த மிருகத்தை உடம்பின் பக்கத்தில் விடுங்கள். ஆட்டை அவிழ்த்துவிட்டேன். மூக்கை முகர்ந்தது, காதை முகர்ந்தது. முன்னங்காலால் அவள் தோளை இரண்டு தரம் தட்டியது, தினமும் காலையில் எழுப்புகிற மாதிரி. அப்புறம் சற்றுத் தள்ளிப் போய் வேப்பிலை கடிக்க ஆரம்பித்தது. காட்டாமல் பிரித்துவிட்டால் நாள்கணக்கில் தேடிக் கத்தும் என்று டாக்டர் அம்மா சொன்னார். காட்டியும் எங்கள் ஆடு மூன்று ராத்திரி கத்தியது. லாயத்தில் தனியாகக் கட்டாமல் திண்ணையில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டினேன். நாலாவது நாள் துணித்துண்டைத் தின்ன ஆரம்பித்ததும் தேறிவிட்டது என்று தெரிந்தது.

ஒரு லாடம் வாசல் நிலையில் இருக்கிறது. இன்னொன்று தம்பி வீட்டில். மற்ற இரண்டும் பிள்ளைகள் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

லாயத்தில் அரை மூட்டைக் கொள்ளு மீந்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ராத்திரி ஊறவைக்கக் கை போகும். வைத்திருந்தால் வண்டும் விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் போட்டு மெரினாவுக்குக் கொண்டுபோனேன். சவாரி விடுகிற ஒரு பையனிடம் ஒரு சின்னக் குதிரை நின்றது, அதுவும் செவலை. அவனிடம் கேட்டுவிட்டு ஒரு பிடி கையில் எடுத்து நீட்டினேன். வேகவைக்காத கொள்ளு, கல் மாதிரி. கடகடவென்று அரைத்தது. ஆறு வயதாம். உள்ளங்கையில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.